கர்ணன் பாடலும் சூழொலியும்: ஒரு மூலபாட நோக்கு

ஏட்டுச்சுவடிகளிற் கிடைத்த நூல்களில் மூலம் எது, உரை எது, இடைச்செருகல் எது எனப் பிரித்துக் காண்பது தமிழாராய்ச்சியின் முதற்கடன். அக்கடன் ஒலிவடிவிற் கிடைக்கும் பாடல்களுக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1960-களில் ஒற்றைத் தடத்திற் பதிவான திரைப்பாடல்களை இன்று, கேட்போரைச் சுற்றி ஒலிபெருக்கிகளை நிறுத்தும் சூழொலி முறையிற் கேட்கிறோம். இதுகாறும் கேளாதவற்றைக் கேட்டோம் என்று பலரும் வியக்கின்றனர். அங்ஙனம் கேட்டவற்றுள் பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்பதை ஒரு பாடலைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பாடலும் பதிவும்

பி. ஆர். பந்துலு இயக்கிய 'கர்ணன்' 1964 சனவரி 14ஆம் நாள் வெளிவந்தது. இசையமைத்தோர் விசுவநாதன்–இராமமூர்த்தி, பாடல்களை இயற்றியவர் கண்ணதாசன். களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனை நோக்கிக் கண்ணன் பாடுவதாக அமைந்த பாடலைச் சீர்காழி கோவிந்தராசன் சக்கரவாக இராகத்திற் பாடியுள்ளார். கொன்றவனே கொல்லப்படுவோனின் பெருமையைப் பாடும் அவ்விடம் படத்தின் உச்சம் எனலாம்.

அக்காலப் பதிவுமுறையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பாடகரும் இசைக்குழுவினரும் ஒருங்கே கூடி இசைக்க, எல்லா ஒலியும் ஒரே தடத்திற் பதிவாயின. எக்கருவி முன்னிற்க வேண்டும், எது அடங்கி ஒலிக்க வேண்டும் என்பன ஒலிவாங்கியின் இடத்தாலும் அதற்குக் கலைஞர் நின்ற தொலைவாலும் அப்பொழுதே முடிவாயின. பின்னர்க் குரலை வேறாகவும் குழலை வேறாகவும் பிரித்தெடுக்க அன்று வழியில்லை.

மேலைநாட்டு நிலை சற்று வேறானது. பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு 1967இல் நான்கு தடப் பதிவுகளைக் கொண்டு உருவாயிற்று. அத்தடங்கள் தனித்தனியே காக்கப்பட்டமையால் 2017இல் அதனைச் சூழொலியாக மீட்டும் கலக்க முடிந்தது. அங்குப் பிரிந்திருந்தவற்றையே இடம் மாற்றினர். நமக்கோ பிரிந்திராத ஒன்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒருதன்மையவாகக் கருதுதல் பொருந்தாது.

மதுரை கேட்ட வகை

1964இல் 'கர்ணன்' மதுரையில் தங்கம் திரையரங்கில் ஓடியது. 1952இல் 'பராசக்தி'யுடன் தொடங்கிய அவ்வரங்கம் இரண்டாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் அமரத்தக்கது. இன்று அஃது இல்லை. அத்தகைய பேரரங்கில், திரைக்குப் பின்னிருந்து எழுந்த ஒலி நாற்புறச் சுவர்களிலும் எதிரொலித்தே செவியை அடைந்தது. ஆதலின் ஒற்றைத் தடப் பாடலைக் கேட்டோரும் ஒருவகையில் ஒலியாற் சூழப்பட்டே இருந்தனர் என்க.

ஆயினும் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர் மக்களிற் பலர் திரைப்பாடல்களைக் கேட்டது இலங்கை வானொலியிலும், திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கியிலுமே. குழாய் ஒலிபெருக்கி மனிதக் குரலை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். தாழ்ந்த ஒலிகளைக் கைவிட்டுவிடும். தபேலாவின் இடப்புற முழக்கமும் பெரிய நரம்புக் கருவிகளின் கார்வையும் அம்மக்கள் செவிக்கு எட்டியிருத்தல் அரிது.

இதனைத் தெளிதற்பொருட்டு, 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூரில் மாணவர் சிலருடன் அமர்ந்து, இப்பாடலின் ஒற்றைத் தடப் பதிவொன்றைக் குழாய் ஒலிபெருக்கியிலும், தரமான தனி ஒலிபெருக்கியிலும், வீட்டுச் சூழொலிக் கருவியிலும் மாறி மாறிக் கேட்டோம். சூழொலியில் 'புதிதாக' வெளிப்பட்டதாக மாணவர் குறித்த தாழ்ந்த ஒலிகள் தனி ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டன. அவற்றை மீட்டுத் தந்தது திசையன்று, கருவியின் தரமே. சூழொலிக்கே உரியதாக எஞ்சியது, பாடலின் நடுவே அமர்ந்திருப்பது போன்ற உணர்வு ஒன்றே.

மூவகைப் பாகுபாடு

'கர்ணன்' எண்முறையிற் புதுப்பிக்கப்பட்டு, அகன்ற திரைக்கும் டி.டி.எஸ். ஒலிக்கும் ஏற்ப அமைக்கப்பட்டு 2012 மார்ச்சு 16ஆம் நாள் மீண்டும் வெளிவந்தது. சென்னையில் நூறு நாள்களைக் கடந்தும் ஓடியது. ஒலித்தடம் சிதைந்திருந்தமையால் பின்னணியிசை மீண்டும் இசைத்துப் பதியப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. எனவே, இத்தகைய புதுப்பிப்புகளில் நாம் கேட்பதனை மூன்றாகப் பகுத்தல் தகும்.

ஒன்று, மூலத்தில் இருந்து, பழங்கருவிகளின் குறையாற் கேளாது போனது, இது மீட்பு. இரண்டு, மூலத்தில் இருந்ததனைத் திசைதோறும் பரப்பியது, இது உரை. மூன்று, மூலத்தில் இல்லாது புதிதாக இசைத்துச் சேர்த்தது, இது செருகல். மூன்றும் இன்பம் தரலாம். ஆயின் மூன்றையும் 1964ஆம் ஆண்டின்மேல் ஏற்றுதல் வரலாறு ஆகாது.

இசையொலிகளின் முறைவைப்பை நம் முன்னோர் சிறிதாக எண்ணினாரல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஆடரங்கு எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் உடையது என அளந்து கூறுகிறது. எக்கருவி எதன்வழி நின்று ஒலித்தது என்பதனையும் வரிசைப்படுத்துகிறது. 1892இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்தார். இளங்கோவடிகள் வாக்கு எது, உரைகாரர் வாக்கு எது என்பது அப்பதிப்பிற் கற்பார்க்கு விளங்கும். ஒலிப் பதிப்புகளில் அவ்வொழுங்கு இன்னும் வேரூன்றவில்லை.

முடிவுரை

சூழொலியின் பயன் ஒன்று உறுதி: குரலையே கேட்டுப் பழகியோரைக் கருவிகளையும் கேட்கச் செய்தது. திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கவிஞர், பாடகர், இசையமைப்பாளர் பெயர்களோடு அமைந்தன. வாசித்தோர் பெயரைப் பெரும்பாலும் தரவில்லை. அக்கலைஞரிற் பலர் மறைந்துவிட்டனர், எஞ்சியோரும் முதுமையுற்றனர். இப்பாடலின் ஒவ்வொரு கருவியையும் இசைத்தவர் யார் எனக் கேட்டு எழுதி வைக்கும் காலம் குறுகி வருகிறது.

ஆதலின் இரு பணிகள் நம் முன் உள்ளன. புதுப்பிப்புகள் எத்துணைச் சிறப்பினவாயினும், ஒற்றைத் தட மூலப்பதிவுகளை மாற்றமின்றிக் காத்தல் ஒன்று. வாழும் கலைஞரை நாடி அவர்தம் நினைவுகளைப் பதிதல் மற்றொன்று. சுவடியைச் செல்லரிக்கவிட்டு அச்சுநூலை மட்டும் போற்றியிருப்பின், ஐயம் எழுந்தபோது திரும்பிச் சென்று காண நமக்கு ஒன்றும் இருந்திராது. ஒலிநாடாவிற்கும் அவ்விதியே பொருந்தும்.