தேறலும் குளிரும்

நெடுநல்வாடையைப் பாடம் சொல்லும்போது இரு காட்சிகளை நாம் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதுண்டு. மழையில் நனைந்த கோவலர் கையில் கொள்ளி இருந்தும் நடுங்குகின்றனர். ஊர்த்தெருவிலோ வலிய உடலினர் தேறலை மாந்திவிட்டுத் தூறலைப் பொருட்படுத்தாது திரிகின்றனர். தேறல் அவர்தம் குளிரைப் போக்கியதென்று நக்கீரர் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு பெரியாற்று மலைக்குச் செல்வோம். 1887 முதல் 1895 வரை அங்கே பென்னிகுவிக் அணை கட்டினார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய கூலியாட்கள் ஓயாத மழையிலும் ஆற்று நீரிலும் நின்று உழைத்தனர். சாராயம் இல்லையேல் அணை முடிந்திராது என்றொரு கூற்று அவ்வரலாற்றில் வழங்குகிறது.

சாராயம் உண்மையில் செய்தது என்ன? மது உட்சென்றதும் தோலடிக் குருதிக் குழாய்கள் விரிகின்றன. உடலின் உட்பகுதியில் சூடாயிருந்த குருதி தோலுக்குப் பாய்கிறது. வெம்மையை நாம் உணர்வது தோலில் அல்லவா? ஆகவே உடலே சூடேறியதாக மயங்குகிறோம். அந்த வெப்பமோ ஈரத்துணி வழியே மலைக்காற்றுக்குப் போய்விடுகிறது. நடுக்கம் என்பது உடல் தானே வெப்பம் உண்டாக்கும் வழி. மது மிகுந்தால் அதுவும் மட்டுப்படும். வெறும் வயிற்றில் குடித்தாலோ குருதியில் சர்க்கரையும் குறையக்கூடும். 37 பாகை செல்சியசில் நிற்கவேண்டிய உள்வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

மலேரியா இதற்கு நேர் எதிரானது. குளிர்காய்ச்சல் தொடங்கும்போது உள்வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். நோயாளியோ குளிரில் வெடவெடப்பான். குடித்தவன் குளிர்ந்துகொண்டே சூட்டை உணர்கிறான். காய்ச்சல்காரன் சூடேறிக்கொண்டே குளிரை உணர்கிறான். இரண்டுக்கும் அந்த மலையில் கிடைத்த மருந்து ஒரே குவளைதான் போலும்! கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் சான்று கண்டது 1897இல். அணை திறந்து ஈராண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

சாராயத்துக்கு நன்றி பாராட்டும் அந்தக் கூற்றை நாம் ஐயத்துடனேயே படிக்கிறோம். அது வேலை வாங்கியவர் தரப்புப் பேச்சு. குளிரை உணராதவன் கம்பளி கேட்கமாட்டான், கரையேறவும் மாட்டான். வேலை நடந்தது, உண்மைதான். நோயால் இறந்தோர் மட்டும் 400க்கும் மேற்பட்டவர்.

கம்பத்தைக் கடந்து குமுளிக்கு ஏறும் வழியில், மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப் இன்றும் அந்தக் கட்டுமான முகாமின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே 2013இல் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள், தகும். மாண்டவர்களின் புதைகுழிகள் மேலே, அணைக்கு வடபுறத்துக் காட்டில் இருக்கின்றன.