அட்டவணையும் ஆற்றுப்படுகையும்

மகாவலி கங்கை வளைந்தோடும் பல்லேகலப் பக்கத்து மக்களுக்கு ஆற்றின் இயல்பு தெரியும். விரைந்தோடும் வெள்ளத்தில் மலேரியா நுளம்பு வளர்வதில்லை. நீர் வற்றித் தேங்கிய குட்டைகளிலேயே அது பெருகும். 1934ஆம் ஆண்டில் நிகழ்ந்ததும் அதுவே. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாயின. ஆண்டிறுதியில் மூண்ட காய்ச்சல், சில திங்களில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. கேகாலையும் குருநாகலும் மிகுந்த துயருற்றன; கண்டி மாவட்டமும் தப்பவில்லை.

1935இல் இருவர் இக்கொடுமையை ஆராய்ந்து அறிக்கை எழுதினர். ஒருவர் இலங்கையின் சுகாதாரத் தலைவராயிருந்த பிரியர்கிளிஃப். மற்றவர் பஞ்சாபில் மலேரியாவை ஆராய்ந்த கர்னல் கில். அறிக்கை என்றதும் நம் கண்முன் நிற்பது எண்கள் நிறைந்த அட்டவணை. மாவட்டவாரியாக மரணத் தொகையை அடுக்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும்; காரணம் விளங்காது. நுளம்பு மாவட்ட எல்லையைப் பார்த்துப் பறப்பதில்லை அன்றோ?

மழையளவு, குழந்தைகளின் மண்ணீரல் வீக்க விகிதம், மரணத் தொகை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். வறண்ட வலயத்து மக்கள் காய்ச்சலுடன் பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். வழக்கமாக மழை பெய்யும் பகுதியினர்க்கு அப்பாதுகாப்பு இல்லை. அவர்களே மிகுதியாக மாண்டனர். தனித்தனிப் பக்கங்களில் கிடந்தால் ஊமையாயிருக்கும் எண்கள், ஒரே படத்தில் சேர்ந்தால் பேசுகின்றன. 1858இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் போர்வீரரின் மரணங்களை வட்டப்படமாக வரைந்து, காயத்தினும் நோயே கொடிதென ஆட்சியாளர்க்கு உணர்த்தியதும் இவ்வாறே.

அறிக்கை யாருக்காக? அக்கால ஏடுகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. காய்ச்சலில் வாடிய சிங்கள, தமிழ்க் குடும்பங்களில் அவற்றைப் படிக்கக்கூடியவர் மிகச் சிலரே.

நல்ல எண்ணும் தவறாகப் படிக்கப்படலாம். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்தது. 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அந்தப் பதினேழின் அருகே, எத்தனை பேரின் குருதி சோதிக்கப்பட்டது, எவ்வூர் விடுபட்டது என்பனவும் கண்ணில் படும்படி எழுதப்படுதல் வேண்டும். 2016இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இனி, பூச்சியம் என்ற எண்ணையும் அவ்வாறே வினவிப் படிப்பது நம் கடமையாகும்.