செம்பனைக்கு ஒரு மழைக் கணக்கு

பாடாங் மேஹா, பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் சீவ முடியாது. நட்டம் அன்றைக்கே தெரிந்துவிடும். செம்பனை அப்படியல்ல. இன்றைய வறட்சிக்கு அது இரண்டு ஆண்டு கழித்தும் பதில் சொல்லும்.

காரணம் மரத்தின் உள்ளே இருக்கிறது. ஒரு குலை அறுவடைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பாளை ஆணா பெண்ணா என்பது மரத்தின் குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் வாடினால் ஆண் பாளைகள் கூடும். ஆண் பாளையில் குலை இல்லை. பெண் பாளையாக உருவானாலும், அறுவடைக்குப் பத்து மாதம் இருக்கும்போது மீண்டும் வறட்சி வந்தால் அது உள்ளேயே கருகிவிடக்கூடும். குலை எடையை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 2015-16 எல் நினோ வறட்சியின்போது, மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் இருந்த ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 2016-இல் 1 கோடியே 73 லட்சம் டன்னாக இறங்கியது.

இந்தச் சரிவை முன்கூட்டியே கணிப்பதுதான் பயிர் மாதிரிகளின் வேலை. பெயர் பெரிதாக இருந்தாலும் அடிப்படை ஒரு வரவு செலவுக் கணக்கு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. மாதத்தில் பத்து நாளுக்குக் குறைவாக மழை பெய்தால் மரத்தின் செலவு 150 மில்லிமீட்டர். பத்து நாளோ அதற்கு மேலோ பெய்தால் 120. மண் அதிகபட்சம் 200 மில்லிமீட்டர் சேமிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. டிசம்பர் முடிவில் மண் நிறைந்து 200 இருக்கிறது. ஜனவரியில் ஐந்து நாளில் 60 மழை: 200-உம் 60-உம் சேர்ந்து 260; செலவு 150 போக மீதி 110. பிப்ரவரியில் மூன்று நாளில் 30: இருப்பு தீர்ந்து 10 பற்றாக்குறை. மார்ச்சில் எட்டு நாளில் 90: மேலும் 60 பற்றாக்குறை. ஆக மொத்தம் 70. தோட்ட அலுவலகத்தில் மழைமானி இருந்தால் இதைப் பள்ளிப் பிள்ளைகூட போட்டுவிடும். மணல் கலந்த மண் அவ்வளவு நீரைத் தாங்காது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கணினி மாதிரிகள் இதனுடன் வெயில், வெப்பம், உரம், மரத்தின் வயது ஆகியவற்றையும் சேர்க்கின்றன. ஆஸ்திரேலியாவில் உருவான ‘அப்சிம்’ மாதிரியின் செம்பனைப் பிரிவு, பாப்புவா நியூ கினித் தோட்டங்களின் தரவுகளைக் கொண்டு 2014-இல் வெளியிடப்பட்டது. நெல்லுக்கு இத்தகைய மாதிரிகள் இன்னும் பழையவை. மூடா திட்டத்தில் ஏறக்குறைய 1 லட்சம் எக்டர் வயல் இருக்கும் கெடாவுக்கு அவையும் முக்கியம். இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவதாகப் பிலிப்பைன்ஸ் அனைத்துலக நெல் ஆய்வுக்கழக வயல்களின் தரவுகள் 2004-இல் காட்டின.

பயிர் மாதிரியில் வரப்போகும் ஆண்டுகளின் மழையையும் வெப்பத்தையும் போட வேண்டுமானால் பருவநிலை மாதிரி தேவை. அங்கேதான் சிக்கல். உலக அளவிலான மாதிரிகள் பூமியை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. பினாங்கும் கூலிமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அந்தக் கட்டத்தை உள்ளூர் அளவுக்குச் சுருக்கவும், சரிதானா என்று பார்க்கவும் நீண்டகால மழைப் பதிவு வேண்டும். தோட்டம் கைமாறும்போது பழைய மழைப் பதிவேடுகளைத் தாள் கடைக்குப் போடுவது அந்த வகையில் பெரிய இழப்பு.

கணிப்பு அதிகம் கைகொடுப்பது மறுநடவு நேரத்தில். இன்று நடும் கன்று ஏறக்குறைய 25 ஆண்டுகள் நிற்கும். 2050-ஐ ஒட்டிய வெயிலையும் அது பார்க்கும். வரிசைகளுக்கிடையே மட்டைகளை அடுக்குவது, பழம் உதிர்த்த வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்புவது, மூடுபயிர்க் கொடி வளர்ப்பது, சரிவில் நீர் தேக்கக் குழி வெட்டுவது ஆகியவை மண்ணின் இருப்பைக் கூட்டும் வழிகள். எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை மாதிரியில் ஓட்டிப் பார்க்கலாம்.

மாதிரிக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கோவிட் காலத்தில் ஆள் பற்றாக்குறையால் நாட்டில் பழுத்த குலைகள் வெட்டப்படாமல் மரத்திலேயே அழுகின. மண்ணில் ஈரம் இருந்தது, மரத்தில் குலையும் இருந்தது. அந்த நட்டத்தை மழைக் கணக்கு காட்டாது.