இருவேல்பட்டுக்கு வந்த பேராசிரியர்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டன. நிவாரணம் கேட்டுத் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையை மறித்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டதும் இரண்டு நாள் தொலைக்காட்சிகளில் அந்தப் பெயர்தான். கிராமப் பொருளியல் படித்தவர்களுக்கோ அது பழகிய பெயர். திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தைச் சேர்ந்த இந்த ஊரை 1916 முதல் 2008 வரை ஐந்து முறை ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால், ஊரின் வரலாற்றோடு நம் சமூக அறிவியல் துறைகளின் வரலாறும் தெரியவரும்.

தொடங்கி வைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்துக்கொண்டதால் சிறு குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று 1907இலேயே நூல் எழுதியவர். இந்தியப் பொருளாதாரத்தை நகரத்து ஆலைகளில் தேடாமல் வயல்வெளியில் தேடியது அவருடைய பழைய அக்கறையின் தொடர்ச்சிதான். அவர் கையாண்ட வழி எளிமையானது: மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊருக்குப் போய் விவரம் சேகரித்து வரச் சொன்னார். அப்படிச் சேர்ந்ததுதான் 1918இல் வெளியான ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூல். வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவற்றோடு தென்னார்க்காடு மாவட்டத்தின் சார்பில் இடம்பெற்றது இருவேல்பட்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர் அடையாளம் தெரியாதபடி ‘எருவெள்ளிப்பேட்’ ஆகியிருந்தது!

நிலம் யாரிடம், மாடு எத்தனை, கடன் எவ்வளவு, கூலி தானியமா காசா என்பவை அந்தக் காலத்துக் கேள்விகள். இருவேல்பட்டில் நிலமும் அதிகாரமும் ரெட்டியார்களிடம் இருந்தன. தென்னார்க்காட்டில் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காகப் படியாளாகச் சேர்ந்தவர், அந்தக் கடனை அடைக்க வழியில்லாமல் காலமெல்லாம் அதே பண்ணையில் கிடப்பது வழக்கமாக இருந்தது.

இருபது ஆண்டு கழித்து, 1936–37இல், அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களை மறு ஆய்வு செய்தார்கள். உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து, கடன் மட்டும் சரியாமல் நின்ற காலம் அது. ஆகவே கடன் பக்கமே பார்வை போனது இயல்பு. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆய்வு நூல் வெளியானது 1940இல். பேராசிரியர்களும் சட்டமன்றமும் ஒரே கவலையில் இருந்த அபூர்வமான சில ஆண்டுகள்.

1961இல் வந்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் கிராமம் ஒன்றை ஆராய்ந்தவர். உற்பத்தியும் வளர்ச்சியுமே அவர் அக்கறை. ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு அது பொருந்தியதுதான்.

ஆனால் ஊரில் யார் சொல்லுக்கு யார் அடங்கினார் என்ற கேள்வி மையத்துக்கு வர 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்து 1983இல் எழுதினார். குகன் நிதித் துறையில் உயர்பதவி வகித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, மென்ச்சர் நடவு நடும் பெண்களோடு பேசிப் பழகிய ஆய்வாளர். கோப்பு பார்த்தவரும் களம் பார்த்தவரும் கூடியதால் அந்தக் கட்டுரைக்குத் தனி வலு உண்டு.

2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் வந்தார்கள். 2010இல் வெளியான அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே நிலம், உழைப்பு, சாதி அரசியல் மூன்றும் இருந்தன. ரெட்டியார் ஆதிக்கம் தளர்ந்திருந்தது. படியாள் முறை போய்விட்டது. ஆண்கள் வெளிவேலைக்குப் போக, வயல் வேலை பெருமளவு பெண்கள் தலையில் விழுந்திருந்தது. ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் பண்ணையாரை எதிர்பார்த்து நிற்கும் நிலையைக் குறைத்திருந்தன.

கடன் தீர்ந்ததா என்றால், இல்லை. கடன் கொடுப்பவர் மாறிவிட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 2010இல் கடலூர் – விழுப்புரம் பகுதியின் 10 கிராமங்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். 2016இல் திரும்பி வந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்து விழுந்தது. கையில் காசில்லாதபோது மக்கள் உறவையும் தெரிந்தவர்களையும் எப்படி நம்பிப் பிழைத்தார்கள் என்பதையும் அவர்களால் பதிவு செய்ய முடிந்தது. அந்தக் குழுவின் இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் 2023இல் எழுதிய நூல் முழுக்கக் கடன்பட்ட பெண்ணைப் பற்றியது. ஸ்லேட்டர் காலத்தில் கடன்காரன் என்றால் ஆண். இன்று குழுக்கடன் தவணைக்குப் பதில் சொல்பவள் பெண்.

இந்த நீண்ட வரிசையில் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. வந்தவர்கள் சென்னை, ஆக்ஸ்போர்டு, புதுச்சேரி என்று வெளியிலிருந்தே வந்தார்கள். 1993இல் பிறந்த விழுப்புரம் மாவட்டத்துக்கென்று பல்கலைக்கழகம் நிலைக்கவில்லை. கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க இன்னொரு மசோதா நிறைவேறியது.

பல்கலைக்கழகம் இல்லாவிட்டாலும் கல்லூரிகள் இருக்கின்றன. வல்லம் ஒன்றியத்திலிருந்தும் திண்டிவனத்துச் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு, ஸ்லேட்டரின் மாணவர்களைப் போலவே, கணக்கெடுக்கச் சொந்த ஊர் உண்டு. இங்குள்ள பொருளியல், வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் வரும் கோடை விடுமுறைக்கு முன் ஒரு வினாப்பட்டியல் தயாரித்து அவர்கள் கையில் கொடுக்கட்டும்.