வீட்டு வரியும் வீட்டுப் பெண்ணும்

அவலூர்பேட்டை என்ற பெயரில் ஊரும் இருக்கிறது, பேட்டையும் இருக்கிறது. பேட்டை என்றால் வணிகம் நடக்கும் இடம். செஞ்சி வட்டாரத்தின் வரலாறு என்றதும் கோட்டையும் ராஜா தேசிங்கும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இந்தப் பேட்டைகளில் தெருவிளக்கு எரிய யார் முடிவெடுத்தார்கள், குப்பையை யார் அள்ளினார்கள் என்பதும் வரலாறுதான்.

1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஊர்களைச் சேர்த்து 'யூனியன்' ஆக்கி, அதற்கொரு பஞ்சாயத்தை அமைக்க அது வழிசெய்தது. ஊர்த் தலையாரிகளும் மணியக்காரர்களும் நிறைந்திருந்த கிராமங்களில், கிராமத் தலைமை அலுவலர் பதவியின் பேரிலேயே அதில் உறுப்பினரானார். விளக்கு, துப்புரவு, சாலை ஆகியவற்றுக்கான பணம் வீட்டு வரியிலிருந்து வந்தது.

வரி வீட்டின்மேல் விழுந்தது. அந்த வீட்டுக்குச் சாணம் தெளித்து, தண்ணீர் சுமந்தவள் பெண். வரிப் பேரேட்டில் பெரும்பாலும் ஆணின் பெயர்தான். தெருவைக் கூட்டிய தலித் பெண்ணுக்கோ அந்தத் தெருவின் கிணற்றில் நீர் இறைக்கக்கூட உரிமையில்லை. 1921இல் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தபோதும் சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. சொத்தில்லாதவளுக்கு அந்த வாக்கு எட்டவில்லை.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிய 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பல ஊர்களில் கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. மதுரை வில்லாபுரத்தின் மாமன்ற உறுப்பினர் லீலாவதி குடிநீருக்காகப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். உள்ளாட்சி என்பது சின்ன அதிகாரம் என்பவர்கள், ஒரு குழாய்த் தண்ணீருக்காக ஒரு பெண்ணை ஏன் கொன்றார்கள் என்று சொல்லட்டும்.

2016இல் ஒதுக்கீடு பாதியானது. அதே ஆண்டு தேர்தல் நின்றுபோனது. மற்ற மாவட்டங்கள் பல 2019 டிசம்பரில் வாக்களித்தன. பிரிக்கப்பட்டிருந்த விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சிகளோ 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. ஐந்தாண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. பாதி இடம் எங்களுடையது என்று சட்டம் சொன்ன காலத்தில், உட்கார இடமே இல்லை.

அடுத்த கிராமசபைக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தலைவியின் கையெழுத்துக்கு மேலே உள்ளதை அவரே வாசிக்கட்டும்; நாம் உட்கார்ந்து கேட்போம்.