சி மொழியில் மேக்ரோ சரிபார்ப்பு வந்த வழி

சி மொழியில் மேக்ரோ என்பது ஒரு பெயர் வரும் இடத்திலெல்லாம் வேறொரு எழுத்துத் தொடரை அப்படியே வைத்துவிடும் ஏற்பாடு. கம்பைலர் நிரலைப் படிக்கத் தொடங்கும் முன்பே பிரீபிராசசர் இந்த வேலையை முடித்துவிடும். எது எண், எது மாறி, கணக்கில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எழுத்தை எடுத்து எழுத்தை வைப்பது மட்டுமே அதன் வேலை. மேக்ரோவின் வசதியும் ஆபத்தும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1973 வாக்கில் ஓரளவு ஆலன் ஸ்னைடரின் வற்புறுத்தலால் பிரீபிராசசர் சேர்க்கப்பட்டது. முதலில் அதனால் வேறு கோப்புகளைச் சேர்க்கவும் எளிய பெயர்மாற்றம் செய்யவும் மட்டுமே முடிந்தது. உள்ளீடு ஏற்கும் மேக்ரோக்களை மைக் லெஸ்கும் பின்னர் ஜான் ரைசரும் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகள் வரை அது மொழியின் கட்டாயப் பகுதியாகவும் இல்லை. நிரலின் தொடக்கத்தில் அதற்கான குறி இருந்தால்தான் இயங்கும். இப்படித் துணைக்கு வந்த பகுதிக்கு மொழியின் இலக்கணம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அது செய்யும் பிழை எப்படிப்பட்டது என்று பார்க்க, மரக்காணம் உப்பளத்துப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சதுரப் பாத்தியின் பரப்பைக் கணக்கிட, பரப்பு(அ) என்றால் அ * அ என்று ஒரு மேக்ரோ எழுதப்படுகிறது. பாத்தி 10 மீட்டர், வரப்புக்கு 2 மீட்டர் என்று பரப்பு(10 + 2) என எழுதினால் 144 வர வேண்டும். மேக்ரோ அதை 10 + 2 * 10 + 2 என்று விரிக்கும். பெருக்கல் முந்திக்கொள்வதால் விடை 32. கம்பைலர் எந்த முறையீடும் செய்யாது. உள்ளீடு ஒவ்வொன்றையும், பிறகு முழுக் கோவையையும் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும் என்ற விதி இதனால் பிறந்தது.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. ‘மதகை மூடு, மணியை அடி’ என்ற இரண்டு கட்டளைகள் ஒரே மேக்ரோவுக்குள் இருக்கின்றன என்று கொள்வோம். ‘மழை வந்தால்’ என்ற நிபந்தனைக்குப் பின் அடைப்பு எதுவும் இடாமல் அந்த மேக்ரோவை எழுதினால், மதகு மூடுவது மட்டும் நிபந்தனைக்குள் அடங்கும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். இதைத் தடுக்க, ஒரே ஒருமுறை ஓடும் டூ–வைல் சுழற்சிக்குள் இரண்டையும் பூட்டிவைக்கும் வழக்கம் வந்தது. முதன்முறை பார்ப்பவருக்கு அர்த்தமற்ற சடங்காகத் தெரியும் அந்தச் சுழற்சி உண்மையில் ஒரு பழைய விபத்தின் தழும்பு.

வழக்கம் தோன்றினாலும் அதைக் கண்காணிக்க ஆளில்லை. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்த ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்ன், மேக்ரோக்களைக் கொண்டு சி மொழியை அல்கால் 68 என்ற மொழி போலத் தோன்றவைத்தார். ‘இஃப்’ என்று தொடங்குவது ‘ஃபி’ என்று முடியும். ‘லூப்’ என்று திறப்பது ‘பூல்’ என்று மூடும். அவருக்கு அது தெளிவாக இருந்தது, அடுத்தவருக்குத்தான் புரியவில்லை. புரியாத சி நிரல் எழுதும் சர்வதேசப் போட்டியை லேண்டன் கர்ட் நோல், லாரி பேசல் இருவரும் 1984இல் தொடங்கத் தூண்டுதலானவற்றில் இந்த ஷெல்லும் ஒன்று.

தானியங்கிச் சரிபார்ப்பின் முதல் பெயர் லிண்ட். பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978 வாக்கில் எழுதியது. ஆனால் பிரீபிராசசர் விரித்து முடித்த நிரலே அதன் கைக்கு வந்தது. அதற்குள் மேக்ரோ மறைந்துவிட்டிருக்கும். மறைந்துபோனதை எப்படிக் குறை சொல்வது? மேக்ரோவையும் கவனிக்கும் கருவிகள் பின்னர் வந்தன. 1985இல் கிம்பெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிசி-லிண்ட் அவற்றில் பேர்பெற்றது. வாகன மென்பொருளுக்கென 1998இல் பிரிட்டனில் வெளியான மிஸ்ரா சி விதிகளும் மேக்ரோ பயன்பாட்டை இறுக்கின. சார்புநிரல் போதுமான இடத்தில் மேக்ரோ எழுத வேண்டாம் என்கிறது அதன் 2012 பதிப்பு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிலைமை வேறு. உலகின் பல மூலைகளிலிருந்து வரும் திருத்தங்களைச் சிலரே படித்துத் தேர வேண்டியிருந்தது. மேக்ரோ பற்றிய விதிகள் அதன் எழுத்துநடை ஆவணத்தில் இருந்தும், ஒவ்வொருவருக்கும் அதே குறையைத் திரும்பத் திரும்பச் சுட்டுவது சலிப்பான வேலை. டேவ் ஜோன்ஸ், ஜோயல் ஷாப் ஆகியோர் முன்பு எழுதிவைத்திருந்தவற்றை ஆண்டி விட்கிராஃப்ட் வளர்த்தெடுக்க, பெர்ல் மொழியிலான ‘செக்பேட்ச்’ என்ற சரிபார்ப்பு நிரல் 2007இல் கெர்னலுக்குள் சேர்ந்தது. பின்னர் ஜோ பெர்ச்சஸ் அதை நெடுங்காலம் பேணினார். லிண்ட் செய்யாததை இது செய்தது: விரிப்பதற்கு முந்தைய எழுத்தையே படித்தது. அதனால் மேக்ரோ அதன் கண்ணில் பட்டது. அடைப்புக்குறி இல்லாத கோவை, சுழற்சிக்குள் பூட்டாத பல கட்டளைகள், இருமுறை பயன்படுவதால் இருமுறை கணக்கிடப்படும் உள்ளீடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி தரும். உள்ளீடு இருமுறை வந்தாலும், அவற்றில் ஒன்று அளவை மட்டும் கேட்கும் சைஸ்ஆஃபுக்குள் இருந்தால் எண்ணாமல் விடும். அங்கே மதிப்பு கணக்கிடப்படுவதில்லை என்பதே காரணம்.

எழுத்தைப் பார்ப்பதுதான் அதன் வலிமை, வரம்பும் அதுவே. பொருள் புரியாததால் சரியானதையும் சில நேரம் பிழை என்கிறது. அதன் பேச்சை முடிவாகக் கொள்ள வேண்டாம், மீறினால் நிரல் நன்றாக இருக்குமானால் மீறலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. இது மிக நேர்மையான நிலைப்பாடு.

இத்தகைய கருவி எளிதில் கிடைக்காத காலமும் இருந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவில்லில், 1980களில் ஆரெலெக் நிறுவனம் கணினிகளைத் தயாரித்தது. ஆனால் பிசி-லிண்ட் போன்ற கருவி அன்று விலைக்குத்தான் கிடைத்தது. இன்று அதே மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது. கெர்னலின் மூலநிரலை இறக்கிக்கொண்டால் செக்பேட்சும் கூடவே வந்துவிடும். புதியவர் பலரின் முதல் திருத்தம் அது சுட்டிய ஒரு சிறு குறையைச் சரிசெய்வதாகவே இருந்திருக்கிறது. ஆசிரியர் இல்லாத ஊரிலும் அந்தச் செய்தி பாடம் சொல்கிறது.

ஆனால் செக்பேட்சுக்கும் எட்டாத ஒன்று 2024இல் வெளிப்பட்டது. கெர்னலில் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் தேரும் மேக்ரோக்கள் வகைப்பிழையைத் தடுக்கும் பொருட்டு மேலும் மேலும் சிக்கலாகியிருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக அவை வந்த ஒரே ஒரு வரி, விரிந்தபோது 47 மெகாபைட் ஆனது. விதிப்படி குறையில்லாத வரி அது. கம்பைல் ஆகும் நேரத்தை அளந்தவர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மேக்ரோக்களை எளிமையாக்கினார்.

அதே ஆண்டில் செக்பேட்சில் இன்னொரு விதி ஏறியது. மேக்ரோ வாங்கிக்கொண்டு பயன்படுத்தாமல் விடும் உள்ளீட்டை இப்போது அது சுட்டிக்காட்டும். அப்படிப்பட்ட இடங்களில் மேக்ரோவை விட்டுவிட்டு இன்லைன் சார்புநிரல் எழுதுமாறு எழுத்துநடை ஆவணமும் திருத்தப்பட்டது.