கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஆங்கிலப் பீங்கான்

தட்டைப் 'பீங்கான்' என்று அழைப்பது நம் இல்லங்களில் இன்றும் மறையாத வழக்கு. பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்த சொல் அது. கோப்பையின் அடித்தட்டைப் 'பீரிசு' என்று சொல்லும் முதியவர்களும் நம்மிடையே உண்டு. அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். பொருள் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, பெயரோ பாரசீகமும் போர்த்துக்கீசியமும். கடல்வழி வணிகம் செய்த சமுதாயத்தின் அலமாரி அப்படித்தானே இருக்கும்!

கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சபர் சென்ற நம் பாட்டனார்கள் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த கோப்பைகளும் தட்டுகளும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பெருநாளுக்கும் நிக்காஹ் விருந்துக்கும் மட்டுமே அவை கீழே இறங்கும். உம்மம்மா மறைந்த பின் வீட்டைப் பிரிக்கும் வேளையில்தான் அவற்றைப் பற்றிய பேச்சு எழுகிறது. "இங்கிலாந்துப் பீங்கான், இலட்சக்கணக்கில் போகும்" என்பார் ஒருவர். "பழைய சாமான், யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேச்சுமே தவறு. அலமாரியில் இருப்பது எது என்று அறிய அதன் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

வெண்மையும் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்ட பீங்கானைச் செய்யும் கலை பல நூற்றாண்டுகள் சீனரிடம் மட்டுமே இருந்தது. ஐரோப்பிய அரசர்கள் அதைப் பொன்னுக்கு நிகராக வாங்கிச் சேர்த்தனர். ஜெர்மனியின் மைசன் நகரில் 1710ஆம் ஆண்டு ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் தொழிற்சாலை அமைந்தது. ஆங்கிலேயர் வேறு வழியில் சென்றனர். இலண்டனின் கிழக்கே 'போ' என்னுமிடத்தில் ஒரு தொழிற்சாலை நடத்திய தாமஸ் ஃபிரை, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பலைக் களிமண்ணோடு கலந்து 1740களில் காப்புரிமை பெற்றார். அத்தொழிற்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'புதிய காண்டன்'. சீனத் துறைமுகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டால் சீனச் சரக்கின் மதிப்பும் வந்துவிடும் என்று கருதினர் போலும்.

எலும்புச் சாம்பல் கலவையை நிலையான சமையற்குறிப்பைப் போல வகுத்துத் தந்தவர்கள் ஸ்டோக் நகரத்து ஸ்போட் குடும்பத்தார். தந்தை ஜோசையா ஸ்போட் 1797இல் மறைந்தார். அதே பெயர் கொண்ட மகன் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கலவையில் ஏறத்தாழ பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு கார்ன்வால் பகுதியின் வெண்களிமண், கால் பங்கு அதே பகுதியின் கல்தூள். இதுவே 'போன் சைனா'. சீனப் பீங்கானில் இலேசான நீலமோ சாம்பல் நிறமோ தெரியும். போன் சைனா பாலின் வெண்மை உடையது. மெல்லியதாக இருந்தும் எளிதில் உடையாது. போட்டியாளர்கள் சில ஆண்டுகளிலேயே இம்முறையைக் கைக்கொண்டனர். பெரும்புகழ் வாய்ந்த வெட்ஜ்வுட் நிறுவனம்கூட 1812இல் தொடங்கி, பத்தே ஆண்டில் கைவிட்டு, 1878இல்தான் மீண்டும் தொடங்கியது.

களிமண் தெற்கே கார்ன்வாலில் கிடைக்க, தொழில் வடக்கே ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளர்ந்ததற்குக் காரணம் நிலக்கரி. ஒரு பங்கு களிமண்ணைச் சுடப் பல பங்கு நிலக்கரி தேவை. ஆகவே மண்தான் நெருப்பைத் தேடிப் பயணம் செய்தது. 1777இல் முடிவுற்ற டிரென்ட்-மெர்சி கால்வாய் அப்பயணத்தை எளிதாக்கியது. பர்ஸ்லம், டன்ஸ்டால், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் ஆகிய ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றாக இணைந்து ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆயின. தட்டின் அடியில் இவற்றுள் ஓர் ஊரின் பெயரைக் கண்டால் அது பிறந்த இடம் தெரிந்துவிடும். லாங்டன், போன் சைனாவுக்கென்றே பெயர்பெற்ற ஊர்.

எலும்பு என்றவுடன் நம் வாசகர்கள் மனத்தில் எழும் வினாவைத் தவிர்த்துவிட்டுச் செல்ல இயலாது. எலும்பிலிருந்து கொழுப்பையும் பசையையும் நீக்கி, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெண்சாம்பலாகும் வரை சுடுகின்றனர். பின் அரைத்து, மண்ணோடு பிசைந்து, 1200 பாகைக்கு மேல் மறுபடியும் சுடுகின்றனர். இறுதியில் எஞ்சுவது கல்லும் கண்ணாடியும் கலந்த ஒரு பொருள். வழக்கமாகப் பயன்பட்டது மாட்டெலும்பே. ஆயினும் அது எப்படி அறுக்கப்பட்ட மாடு என்பதைக் கோப்பை சொல்லாது. பன்றி நீங்கலாகச் செத்த பிராணியின் எலும்பு தூய்மையானதே என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வெலும்பு நஜீஸ்; எரிப்பதால் மட்டும் அது தூய்மையாவதில்லை என்பதே அங்குள்ள பரவலான கருத்து. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளே மிகுதி என்பதால், பயன்படுத்துவது பற்றித் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நன்று. ஆனால், அதற்கு முன் உறுதி செய்ய வேண்டிய ஒன்று உண்டு: அலமாரியில் இருப்பது உண்மையிலேயே போன் சைனாதானா?

பல வீடுகளில் அது போன் சைனா அன்று. இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களுக்குப் பெட்டி பெட்டியாக வந்தவற்றுள் மிகுதியானவை மலிவான, கனத்த மண்பாண்ட வகையே. நீலத்திலோ சிவப்பிலோ அச்சுப் பூவேலை செய்யப்பட்டவை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயங்கிய ஜே. அண்ட் எம். பி. பெல் நிறுவனம் மலாய் உலகத்துக்கென்றே தனி வடிவங்களைச் செய்தது. சிலவற்றின் முத்திரையில் அரபு வரிவடிவமான ஜாவி எழுத்தையும் பொறித்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பெட்ரஸ் ரெகூ தட்டுகளும் அதே சந்தைக்கு வந்தன. அடியில் ஜாவி எழுத்து உள்ள தட்டைக் கண்டு 'மக்காவிலிருந்து வந்தது' என்று நினைக்க இடமுண்டு. அது கிளாஸ்கோவிலிருந்து வந்திருக்கலாம். அத்தகைய தட்டு போன் சைனா அன்று; ஆயினும் தென்கிழக்காசிய வணிக வரலாற்றில் ஆர்வமுள்ளோர் அதையும் தேடுகின்றனர். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

வேறுபாட்டை அறிவது கடினமன்று. தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, பின்புறம் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். விரல்களின் நிழல் தெரிந்தால் அது போன் சைனாவோ வேறு பீங்கானோ ஆகும், தெரியாவிட்டால் மண்பாண்டம். ஒளி வெதுவெதுப்பான பால்நிறத்தில் ஊடுருவினால் போன் சைனா. குளிர்ந்த நீலச்சாயலாக இருந்தால் சீனம், ஜப்பான் அல்லது ஐரோப்பியப் பீங்கான். கோப்பையை விரலில் தொங்கவிட்டு நகத்தால் மெல்லத் தட்டினால் மணியோசை நீண்டு ஒலிக்க வேண்டும். ஓசை மங்கிச் செத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். மேற்பூச்சு முழுவதும் சிலந்தி வலைபோல் வெடித்து, தேயிலைக் கறை உள்ளே இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் மண்பாண்டமே.

அடுத்து, அடிப்புற முத்திரை. இதில்தான் குடும்பங்கள் மிகுதியும் ஏமாறுகின்றன. முத்திரையில் 1751 என்றோ 1775 என்றோ கண்டு, 'இருநூறு ஆண்டுப் பழைமை' என்று மகிழ்கின்றனர். 1751 என்பது வூஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஆண்டு. 1775 ஐன்ஸ்லி நிறுவனத்தார் தம் தொடக்கமாகக் கூறும் ஆண்டு. கோப்பை 1970இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைக் கோரியது. ஆகவே 'இங்கிலாந்து' என்னும் சொல் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 1891க்குப் பின். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. 'போன் சைனா' என்றே எழுதியிருந்தாலும் 20ஆம் நூற்றாண்டுதான். அதற்கு முன் அதை எழுதும் வழக்கம் அரிது. வைரவடிவக் கட்டத்துக்குள் எழுத்துகளும் எண்களும் இருந்தால் அவ்வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையே பதிவு செய்யப்பட்டது. 1884 முதல் 'ஆர்.டி.' என்ற எழுத்துகளோடு தொடர் எண் வந்தது. 1900ஐ எட்டுகையில் அவ்வெண் 3,50,000ஐ ஒட்டியிருந்தது. இவையெல்லாம் பூவேலையைப் பதிந்த காலத்தையே காட்டும்; கையிலுள்ள பொருள் அதற்குப் பின் எந்நாளும் செய்யப்பட்டிருக்கலாம்.

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் இருந்த மனிதரையும் சொல்ல வேண்டும். முதற்சூட்டில் போன் சைனா வளையாதிருக்க, அதனைச் சிக்கிமுக்கிக் கல்தூளில் புதைத்துச் சுட்டனர். சூளையிலிருந்து வந்தபின் அத்தூளைத் தூரிகையால் தேய்த்து நீக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அத்தூசு நுரையீரலில் படிந்து அவர்களை இளவயதிலேயே கொன்றது. மேற்பூச்சில் தோய்ப்போரை ஈயம் நஞ்சாகத் தாக்கியது. அங்கு உழைத்த சிறுவர்களின் நிலையை 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்னும் அரசு அலுவலர் நேரில் விசாரித்து அறிக்கையாக எழுதினார். கல்தூளுக்குப் பதிலாகத் தீங்கற்ற அலுமினாத்தூள் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். விருந்து மேசையில் நாம் பெருமையோடு வைத்த வெண்மைக்கு யாரோ ஒரு தாயின் மூச்சு விலையாயிற்று என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

இனி மதிப்பு. பழைமை மட்டும் விலை தராது. கையால் ஓவியம் தீட்டி ஓவியர் கையொப்பமிட்ட ராயல் வூஸ்டர் பழத்தட்டு ஒன்று, அச்சுப்பூ இட்ட முழு விருந்துத் தொகுப்பைவிட உயர்ந்த விலை பெறக்கூடும். 1966இல் முடிவுற்ற ஷெல்லி நிறுவனத்தின் மெல்லிய கோப்பைகளையும் ராயல் கிரவுன் டெர்பியின் செம்பொன் நீல வேலையையும் சேகரிப்போர் தேடுகின்றனர். மாறாக, ராயல் ஆல்பர்ட்டின் ரோஜாப்பூ வடிவம் 1962இல் வந்து உலகெங்கும் பெருந்தொகையாக விற்றது. அழகானது, ஆனால் அரியதன்று. பின்னாளில் அதன் உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சென்றது. அவற்றில் 'இங்கிலாந்து' என்ற சொல் இராது. பெரிய விருந்துத் தொகுப்புகளை வாங்குவோர் மேலைநாட்டிலேயே குறைந்துவிட்டனர். தங்கக்கரை தேய்ந்திருந்தாலும், விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும், பசையால் ஒட்டியிருந்தாலும் விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

விலை என்பதும் ஒன்றன்று. கடைக்காரர் விற்கும் விலை, ஏலத்தில் கிடைக்கும் விலை, காப்பீட்டுக்காக எழுதும் விலை மூன்றும் வேறு வேறு. இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகையைக் கண்டு மதிப்பிடலாகாது. உண்மையில் விற்றுமுடிந்த தொகையையே பார்க்க வேண்டும். வாரிசுப் பங்கீட்டில் இது முக்கியம். சொத்து சிறிதோ பெரிதோ, மகளுக்கும் அதில் உரிமையுண்டு. நிலத்தையும் நகையையும் கணக்கிட்டுவிட்டு, அலமாரியை 'அது அண்ணன் வீட்டோடு இருக்கட்டும்' என்று விட்டுவிடுவதை நாம் எத்தனையோ குடும்பங்களில் காண்கிறோம். எல்லா வாரிசுகளும் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் சரி. கேட்காமலே விடப்பட்டால் அது விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஒருவருக்கு ஆறு கோப்பை, மற்றவருக்கு ஆறு பீரிசு என்று பிரிப்பதும் வீண். இணை பிரிந்த கோப்பைக்கு மதிப்பே இல்லை. தொகுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவருக்கு அவரவர் பங்கின்படி பணமாக ஈடு செய்யலாம்.

அதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் முகமும் அடியும் தெரியப் படமெடுத்து, எண்ணிக்கையும் குறையும் எழுதி, வாரிசுகள் அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும். பழைய பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடுமாகையால், அந்தத் தட்டுகளில் ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ புளிக்குழம்போ ஊற்றி வைக்கலாகாது. தங்கக்கரை உள்ளதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு நடுவே ஒரு பருத்தித் துணி இட்டால் போதும்.